ஓங்கில் மாதிரி ஒடம்பு, சுறா மாதிரி வாலு: இக்தியோசர் விஷயத்துல நான் சொல்றது சரியா, எம் பொண்ணு சொல்றது சரியா?

காசிமேட்டு_அருவாமனை
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க படிச்சுட்டு போறதோட சரி, எழுதுனதில்ல. இப்போ வூட்ல ஒரு பஞ்சாயத்து, தீத்து வையுங்க. எம் பொண்ணு எட்டாவது படிக்குது, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு சார்ட்ல இக்தியோசர்னு அந்தக் காலத்து கடல் பிராணி ஒண்ண வரையுது. ஒடம்பு பாத்தீங்கன்னா அச்சு அசல் ஓங்கில், அதான் டால்பின். வாலை மட்டும் சுறா மாதிரி நட்டுக்க வரைஞ்சு வெச்சிருக்கு. நான் தப்புன்னேன். இருவது வருஷமா மீன் வெட்டுறேன், போன வருஷம் திருவொத்தியூர் பக்கம் ஒரு ஓங்கில் செத்து ஒதுங்குச்சு, கிட்ட போயி பாத்தேன், வாலு மொறம் மாதிரி படுத்த வாக்குல இருந்துச்சு. மூச்சு வாங்க மேல வர்ற ஜீவன், குட்டி போடுற ஜீவன்னு பொண்ணே சொல்லுது, அப்போ வாலும் ஓங்கில் மாதிரி படுத்து தான இருக்கணும்? அதுக்கு அது "நைனா, நீ மீனுக்குத்தான் எக்ஸ்பர்ட்டு, இது மீன் இல்ல"ன்னு சொல்லிட்டு போயிடுச்சு. யாருங்க கரெக்டு?

மணிக்கூண்டு_மாமா
டைனோசருக்கு வாலு எப்டி இருந்தா இன்னா தல, இப்போ அது வந்து நம்ம லாஞ்சை கவுக்கப் போவுதா 😂

வியாசர்பாடி_பாறை
அண்ணே, பொண்ணு தான் கரெக்டு. மாமா, இது டைனோசரும் இல்ல. டைனோசர் இருந்த காலத்துல கடல்ல இருந்த வேற ஊர்வன கூட்டம், அவ்ளோ தான்.

வாலு மேட்டர் ரொம்ப சிம்பிள், ஆனா யாரும் இப்டி யோசிக்க மாட்டாங்க. தெருவுல நாய் ஓடுறத பாருங்க, முதுகு மேலயும் கீழயும் வளையும். ஓங்கிலோட முன்னோருங்க அது மாதிரி நாலு கால்ல திரிஞ்ச பாலூட்டிங்க, கடலுக்குள்ள போன பொறவும் அந்த முதுகு வளைவு மாறல, அதனால வாலை மேல கீழ அடிக்குது, வாலு படுத்த வாக்குல இருக்கு. இப்போ செவுத்துல பல்லி ஓடுறத பாருங்க, இடுப்பு இந்தாண்ட அந்தாண்ட நெளியும். இக்தியோசரோட முன்னோருங்க தரையில இருந்த ஊர்வன, பல்லி மாதிரி நெளிஞ்சு நடந்த ஜாதி. அது கடலுக்குள்ள எறங்குனப்ப அந்த நெளிப்போட தான் எறங்குச்சு, அதனால வாலு பக்கவாட்டுல தான் அடிக்கும், நட்டுக்க நின்னா தான் தண்ணிய தள்ள முடியும். மூச்சு வாங்குறதுக்கும் வாலுக்கும் சம்பந்தமே இல்ல.

காசிமேட்டு_அருவாமனை
ஐயையோ, பல்லி. இது எனக்கு தோணவே இல்ல பாருங்க. சரி தோத்துட்டேன். ஆனா இன்னொன்னு. அது வரைஞ்ச படத்துல வாலுக்குள்ள எலும்பு கீழ் பக்கமா வளைஞ்சு போவுது. நான் எத்தன சுறா வெட்டியிருப்பேன், சுறாவுக்கு நடுத்தண்டு வாலோட மேல் பாதிக்குள்ள தான் ஏறும், கைய வெச்சாலே தெரியும். கீழ் பாதி வெறும் ரெக்கை. இத பொண்ணு தலகீழா போட்டுருச்சா?

வியாசர்பாடி_பாறை
சூப்பர் கேள்விண்ணே, இந்த கேள்வில 19-ஆம் நூற்றாண்டு பெரிய மனுசனுங்களே தடுமாறியிருக்கானுங்க. பொண்ணு போட்டது சரி தான். சுறாவுக்கு தண்டு மேல ஏறும், இக்தியோசருக்கு கீழ எறங்கும். மேல் பாதி வெறும் சதை, எலும்பே கெடையாது.

மொதல்ல கெடைச்ச நெறைய எலும்புக்கூட்டுல வாலு கிட்ட ஒரு மடிப்பு இருந்துச்சு. செத்தப்புறம் ஒடைஞ்சு மடங்கியிருக்கும்னு நெனச்சாங்க. 1838-ல ரிச்சர்ட் ஓவன்னு இங்கிலாந்து எலும்பு நிபுணர் தான் கவனிச்சாரு, இத்தன எலும்புக்கூட்டுலயும் அதே எடத்துல எப்டி ஒடையும்? அங்க ஒரு ரெக்கை இருந்திருக்கணும், அதோட வெயிட்டுல மடங்கியிருக்குன்னாரு. பாதி சரி. ரெக்கை இருந்துச்சு, ஆனா மடிப்பு செத்தப்புறம் வந்ததில்ல, உயிரோட இருக்கறப்பவே எலும்பு அப்டித்தான் வளைஞ்சிருந்துச்சு. இது 1890-கள்ல தான் தெரிஞ்சுது, ஜெர்மனில ஹோல்ஸ்மாடன்ங்கற ஊர்ல கருப்பு பாறைக்குள்ள தோலோட அச்சும் சேத்து கெடைச்சப்போ. அப்போ தான் பெறை மாதிரி வாலும், முதுகுல முக்கோண ரெக்கையும் கண்ணுக்கு தெரிஞ்சுது.

லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் பார்க்ல 1854-ல வெச்ச சிலைங்க இன்னும் இருக்கு. அதுல இக்தியோசருக்கு முதுகு ரெக்கையே இல்ல, முதலை கணக்கா கரையில படுத்துனு இருக்கும். தெரிஞ்ச வரைக்கும் செஞ்சு வெச்சாங்க, பாவம்.

கொருக்குப்பேட்டை_கேள்வி
எல்லாம் சரி ப்ரோ, ஒரு பல்லி கடல்ல எறங்குச்சு, ஓங்கில் ஆயிடுச்சுன்னு அசால்ட்டா சொல்றீங்க. நடுவுல இருந்தது எங்க? அத காட்டுங்க மொதல்ல.

வியாசர்பாடி_பாறை
கேள்வி கேக்குறது தப்பில்ல. சீனாவுல அன்ஹுய் மாகாணத்துல கார்ட்டோரிங்கஸ்னு ஒண்ணு, 2014-ல அறிவிச்சாங்க. மொத்த நீளமே ஒரு முழத்துக்கு கொஞ்சம் குறைச்சல், 40 சென்டிமீட்டர் சுமார். மூக்கு குட்டை, துடுப்பு பெருசு, மணிக்கட்டு வளையுற மாதிரி இருக்கு, அதனால சீல் மாதிரி கரையில நவுந்திருக்கலாம்னு சொல்றாங்க. அதே பக்கம் கெடைச்ச சாவோஹுசாரஸ், சுமார் 24.8 கோடி வருஷம் பழசு, அது நீளமா வெலாங்கு மாதிரி நெளியுற ஒடம்பு, பெறை வாலு இன்னும் வரல. அங்கேர்ந்து பின்னாடி வந்ததுங்க தான் போகப் போக சூரை மீன் கணக்கா உருண்டு தெரண்டு, வாலை மட்டும் அடிச்சுட்டு போற டைப்பு ஆச்சு.

ஆனா எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு நான் சொல்லல. 2023-ல நார்வேக்கு மேல ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுல கெடைச்ச முதுகெலும்பு துண்டுங்க கிட்டத்தட்ட 25 கோடி வருஷம் பழசு. உலகத்துலயே பெரிய அழிவு, பெர்மியன் முடிவுல 25.2 கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, அது முடிஞ்சு 20 லட்சம் வருஷம் கூட சரியா ஆவல. அந்த எலும்ப ஸ்கேன் பண்ணா உள்ள பஞ்சு மாதிரி, முழுக்க கடல் வாசத்துக்கு பழகுன எலும்பு. அப்போ இந்த கூட்டம் அந்த அழிவுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள எறங்கியிருக்கணுமோன்னு இப்போ யோசிக்கிறாங்க. தரையில இருந்த அந்த மொத முன்னோர் யாருன்னு இன்னும் கைக்கு சிக்கல.

கொருக்குப்பேட்டை_கேள்வி
ம்ம். இது ஒத்துக்குறேன்.

வண்ணாரப்பேட்டை_வாணி
இவ்ளோ பேசுறீங்க, ஆராய்ச்சிக்காரங்க கவனத்துக்கு மொதல்ல வந்த இக்தியோசர கண்டுபுடிச்சது யாருன்னு ஒருத்தர் வாயிலயும் வரல பாத்தீங்களா. மேரி ஆனிங். இங்கிலாந்துல லைம் ரெஜிஸ்னு கடலோர ஊரு. அப்பா மரவேலை செய்யுறவர், 1810-ல கடனை வெச்சுட்டு செத்துட்டாரு. புயல்ல பாறை சரிஞ்சா ஓடிப்போய் கல்லு பொறுக்கி, ஊருக்கு வர்ற டூரிஸ்டுங்க கிட்ட வித்து கஞ்சி குடிச்ச குடும்பம். 1811-ல அண்ணன் ஜோசஃப் மண்டையோட்ட பாக்குறான், அடுத்த வருஷம் மீதி ஒடம்ப தேடி கண்டுபுடிச்சது மேரி, அப்போ வயசு 12, 13 தான் இருக்கும். 23 பவுண்டுக்கு வித்தாங்க. 1814-ல எவரார்ட் ஹோம்னு ஒரு பெரிய டாக்டர் அத பத்தி கட்டுரை எழுதுறாரு, அதுல அந்த பொண்ணு பேரு எங்கயும் கெடையாது. அவருக்கு அது மீனா என்னான்னே முடிவுக்கு வர முடியல, அது வேற கதை. ஜியாலஜிக்கல் சொசைட்டின்னு லண்டன்ல இருக்கற பாறை ஆராய்ச்சிக்காரங்க சங்கம் பொம்பளைங்கள உறுப்பினரா சேத்தது 1919-ல, மேரி செத்தது 1847-ல.

கல்லு பொறுக்கி வித்தவ, வேகாத வெயில்ல ஒக்காந்து கூடையில மீன் விக்கிற நம்ம ஆயாங்க மாதிரி தான். எது பழசு எது புதுசுன்னு செவுள தொறந்து பாக்காமலே சொல்லும் எங்க ஆயா, அத யாரு படிப்புன்னு ஒத்துக்குறா?

மணிக்கூண்டு_மாமா
வாணி மேடம் வந்துட்டாலே சூடு தான். ஆனா கரெக்டா சொன்னீங்க.

காசிமேட்டு_அருவாமனை
வாணிம்மா, இத எம் பொண்ணு கிட்ட படிச்சு காட்டுனேன். சார்ட்டு ஓரத்துல அந்த பொண்ணு பேரையும் எழுதப் போவுதாம்.

கொருக்குப்பேட்டை_கேள்வி
அப்டியே இன்னொரு டவுட்டு. நீலத் திமிங்கலம் சைஸ்க்கு இக்தியோசர் கெடைச்சுதுன்னு 2024-ல நியூஸ் ஓடுச்சே. உள்ள போய் படிச்சா தாடை எலும்பு மட்டும் தான் கெடைச்சிருக்கு. ஒரு தாடைய வெச்சு 25 மீட்டர்னு அடிச்சு வுடுறது நம்ம ஏரியா கட்அவுட் மாதிரி இருக்கு.

வியாசர்பாடி_பாறை
இக்தியோடைட்டன். 2020 மே மாசம் இங்கிலாந்துல சாமர்செட் கடற்கரையில அப்பாவும் 11 வயசு பொண்ணு ரூபியும் பாத்த எலும்பு. அதுக்கு முன்னாடி 2016-ல பக்கத்து கடற்கரையில வேற ஒருத்தருக்கு அதே மாதிரி ஒண்ணு கெடைச்சிருந்துச்சு. கீழ்த்தாடையோட பின்பக்கத்து எலும்பு ஒண்ணு, அதுவே 2 மீட்டருக்கு மேல வரும். சொந்தக்கார இனங்களோட முழு எலும்புக்கூட்டுல அந்த எலும்பு இவ்ளோ, ஒடம்பு இவ்ளோன்னு கணக்கு போட்டு சுமார் 25 மீட்டர்னு சொல்றாங்க. சுமார்ங்கற வார்த்தைய நியூஸ்காரன் முழுங்கிடுறான், எழுதுனவங்க முழுங்கல. ரெண்டாவது துண்டும் அதே அமைப்புல இருந்ததால தான் புது இனம்னே பேரு வெச்சாங்க. முழு ஒடம்பு கெடைக்கிற வரைக்கும் அந்த நீளம் கூடும் கொறையும்.

காசிமேட்டு_அருவாமனை
இதுல நான் கொஞ்சம் பேசலாமா. வஞ்சிரம் தலைய மட்டும் காட்டுங்க, மீன் எத்தன கிலோன்னு நூறு எரநூறு கிராம் வித்தியாசத்துல சொல்லிடுவேன், ஏன்னா வஞ்சிரம் எனக்கு தெரியும். அதே கணக்க மயில்கோலா தலைக்கு போட்டா மொத்தமா ஏமாந்துடுவேன், மூக்கே கழி மாதிரி நீட்டிட்டு இருக்கும். அதனால அது எந்த ஜாதியோட சொந்தம்னு சரியா புடிச்சிருந்தா கணக்கு சரி வரும், ஜாதி தப்புனா மொத்தமும் தப்பும். நான் பாத்த வரைக்கும் விஷயம் அதுல தான் இருக்கு, எலும்பு ஒண்ணா பத்தாங்கறதுல இல்ல.

வியாசர்பாடி_பாறை
அண்ணே, நீங்க இத எந்த காலேஜ்ல சொன்னாலும் தலையாட்டுவாங்க. அதான் உள்ள விஷயம்.

கேள்வி ப்ரோவுக்கு ஒண்ணு, தாடை மட்டும் இல்லாம நல்ல மண்டையோடே கெடைச்ச கேசும் இருக்கு. அமெரிக்காவுல நெவாடா மலையில சிம்போஸ்பாண்டிலஸ், மண்டையோடு மட்டும் 2 மீட்டர், ஒடம்பு 17 மீட்டருக்கு மேலன்னு 2021-ல எழுதுனாங்க. அது 24.6 கோடி வருஷம் பழசு. யோசிச்சு பாருங்க, ஒரு முழம் இருந்த கூட்டத்துல சில பத்து லட்சம் வருஷத்துல பஸ்ஸ விட பெருசா ஒண்ணு. திமிங்கலத்துக்கு இந்த சைஸ் வர எத்தனையோ மடங்கு காலம் புடிச்சுது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
லேட்டா வந்துட்டேன். சீனா, நெவாடான்னு சுத்துறீங்களே, நம்ம பெரம்பலூர்ல இருக்கறத யாரும் சொல்ல மாட்டீங்களா? காரைன்னு ஒரு கிராமம், குளக்காநத்தம் பக்கம். மழை அறுத்து அறுத்து காவி மஞ்சள்ல மேடு பள்ளமா ஒரு வெட்டவெளி, ஒரு மரம் கெடையாது, வேற கிரகத்துல எறக்கி வுட்ட மாதிரி இருக்கும். தரை பூரா ஜிப்சம் கண்ணாடி சில்லு மாதிரி மின்னும். காலுக்கடியில துப்பாக்கி குண்டு மாதிரி கல்லு கெடக்கும், அது பெலம்னைட், நம்ம கடம்பாவோட தூரத்து சொந்தம், ஒடம்புக்குள்ள இருந்த கெட்டி பாகம். அது அத்தனையும் கடலடி.

வியாசர்பாடி_பாறை
அடடா, அதுக்கு தான் வந்துட்டு இருந்தேன், முந்திக்கிட்டீங்க. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு அந்த பாறைய அடுக்கு அடுக்கா பிரிச்சு பிளான்ஃபோர்ட்னு ஒரு பாறை ஆராய்ச்சிக்காரர் 1862-லயே எழுதிட்டாரு. 1879-ல லிடெக்கர்னு ஒருத்தர் அந்த ஊட்டத்தூர் அடுக்குல கெடைச்ச முதுகெலும்பு துண்டுங்கள வெச்சு இக்தியோசாரஸ் இண்டிகஸ்னு பேரே வெச்சாரு. இந்தியா பேர்ல ஒரு இக்தியோசர், அதுவும் நம்ம தமிழ்நாட்டு மண்ணுலேர்ந்து. இப்போ அந்த பேரு செல்லுமான்னு ஆளுங்க ஒத்துக்கல, வெறும் முதுகெலும்பு துண்டு, வேற இனத்துலேர்ந்து பிரிச்சு சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இக்தியோசர்ங்கறதுல சந்தேகம் இல்ல, 2011-ல காரை பக்கத்துலேர்ந்து சுறா பல்லுங்களோட இக்தியோசர் பல்லும் வந்ததா எழுதியிருக்காங்க. 2017-ல குஜராத் கட்ச்ல லோடாய் கிராமத்துல கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடே வந்துச்சு, அஞ்சரை மீட்டர், 15 கோடி வருஷம் பழசு. அதுக்கு இருந்த பரபரப்புல நம்ம திருச்சி எலும்ப யாரும் ஞாபகம் வெச்சுக்கல.

காசிமேட்டு_அருவாமனை
அந்த முதுகெலும்பு துண்டு பாக்க எப்டி இருக்கும்?

வியாசர்பாடி_பாறை
கேரம் காயின் தெரியும்ல. வட்டமா, தட்டையா. அத ரெண்டு பக்கமும் நடுவுல கொடைஞ்சு குழி பண்ணா எப்டி இருக்கும், அது தான். பெரிய மிருகத்துக்கு சாப்பாட்டு தட்டு சைஸ் கூட வரும். தரையில நடக்குற ஊர்வனவுக்கு இவ்ளோ தட்டையா, இவ்ளோ குழிஞ்சு இருக்காது.

காசிமேட்டு_அருவாமனை
யோவ், இது சுறா தண்டு யா! பால்சுறா பீஸ் போடுறப்ப ஒவ்வொரு வாட்டியும் பாக்குறேன், வட்டமா, ரெண்டு பக்கமும் குழி, நடுவுல ஊசி குத்துன மாதிரி. புட்டுக்கு அவிச்சா கழண்டு கழண்டு வரும், சின்ன வயசுல அத கோத்து வெளையாடியிருக்கோம். பல்லி ஜாதிக்கு எப்டி இது வந்துச்சு?

வியாசர்பாடி_பாறை
ஒரே வேலை, ஒரே கருவி. தண்ணிக்குள்ள வேகமா போகணும்னா ஒடம்ப இப்டி அடுக்குனா தோது. சொந்தம் இல்லாமலே ஒரே மாதிரி ஆயிடும். ஆனா சுறாவோடது சுண்ணாம்பு ஏறுன குருத்தெலும்பு, இது அசல் எலும்பு.

வண்ணாரப்பேட்டை_வாணி
குட்டி போடுற விஷயம் பாதில நிக்குது. பிரசவத்துல செத்த அம்மாவே ஃபாசிலா கெடைச்சிருக்குன்னு எங்கயோ படிச்சேன், மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வியாசர்பாடி_பாறை
ஆமா வாணிம்மா, முன்ன சொன்ன சாவோஹுசாரஸ் தான். வயித்துல ஒரு குட்டி, பாதி வெளிய வந்த நெலையில ஒண்ணு, வெளிய ஒண்ணு. 2014-ல வந்த கட்டுரை. வர்ற குட்டி தலை முன்னாடி வருது. ஓங்கில் வால முன்னாடி வுட்டு தான் பெரும்பாலும் போடும், தண்ணில மூச்சு முட்டக்கூடாதுன்னு காரணம் சொல்லுவாங்க. தலை முன்னாடி வர்றது தரைப் பழக்கம், அதனால குட்டி போடுற பழக்கமே தரையில இருக்கறப்பவே வந்திருக்கும்னு அந்த கட்டுரை சொல்லுச்சு. 2023-ல வேற ஆளுங்க வந்து, மூச்சு முட்டுற கதையே நிக்காது, எந்த பக்கம் வந்தா தள்ள சுளுவோ அப்டி வந்திருக்கும்னு மறுத்திருக்காங்க. எனக்கு ரெண்டாவது கட்சி தான் கொஞ்சம் நியாயமா படுது.

கொருக்குப்பேட்டை_கேள்வி
இவ்ளோ கெத்தா இருந்தது எப்டி செத்துச்சு? டைனோசரோட விண்கல்லா?

வியாசர்பாடி_பாறை
இல்ல ப்ரோ, அதுக்கு ரொம்ப முன்னாடியே காலி. விண்கல்லு 6.6 கோடி வருஷம், இக்தியோசர் கதை 9.4 கோடி வாக்குல முடிஞ்சுது. உலகம் சூடாயி, கடல்ல ஆக்சிஜன் கொறைஞ்சு, பல எடத்துல அடித்தளமே செத்த நேரம். 2016-ல வந்த ஆராய்ச்சி சொல்றது, அதுக்குள்ளயே இவங்க பரிணாம வேகம் மந்தமாயிடுச்சு, காலநிலை தாறுமாறா ஆட ஆட ரெண்டு கட்டமா அடி வாங்கி காணாமப் போயிட்டாங்க. நம்ம காரை பல்லு இருக்கே, அது சுமார் 10 கோடி வருஷம். புரியுதா? பெரம்பலூர் கடல்ல நீந்துனவங்க அந்த வம்சத்தோட கடைசி தலைமுறைங்க பக்கத்துல வர்றவங்க.

ஆஸ்திரேலியாவுல கிட்டத்தட்ட அதே காலத்து சொந்தக்காரன் ஒருத்தன் வயித்துல கடலாமை குஞ்சும் ஒரு பறவையும் இருந்துச்சு. மாசி பங்குனில நம்ம கரையில ஆமைக்குஞ்சு தண்ணிக்கு ஓடுறப்ப எனக்கு அது தான் ஞாபகம் வரும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்
உண்மைய சொல்லிடுறேன், அங்கேர்ந்து ஒரு பை நெறைய பெலம்னைட் அள்ளிட்டு வந்தேன். ஷோகேஸ்ல இருக்கு. இப்போ படிக்க படிக்க தப்பு பண்ண மாதிரி இருக்கு.

வியாசர்பாடி_பாறை
தப்பு தான். எந்த அடுக்குல, எது பக்கத்துல இருந்துச்சுங்கறது போயிட்டா அது வெறும் கல்லு. அடுத்த வாட்டி போட்டோ எடுங்க, லொக்கேஷன் குறிங்க, கைய வெக்காதீங்க.

மணிக்கூண்டு_மாமா
அண்ணே, சார்ட்டு இன்னா ஆச்சு? பிரைஸ் வந்துச்சா?

காசிமேட்டு_அருவாமனை
சொல்ல மறந்துட்டேன். ஞாயித்துக்கெழமை பால்சுறா ஒண்ணு வாங்கி, தண்ட தனியா எடுத்து, சுடுதண்ணில போட்டு, சதைய பிரஷ்ஷால தேய்ச்சு மாடில காய வெச்சேன். ரெண்ட பூனை தூக்கினு போயிடுச்சு, மீதி ஏழு. பொண்ணு அத ஃபெவிகால் போட்டு சார்ட்ல வரிசையா ஒட்டி, கீழ "இது சுறா, இக்தியோசருக்கும் இதே வடிவம், ஆனா இது எலும்பு இல்ல"ன்னு எழுதுச்சு. வாலும் நட்டுக்க தான் இருக்கு, தண்டு கீழ எறங்குது. பிரைஸ் ஒண்ணும் இல்ல. நாத்தம் தாங்கலன்னு சார்ட்ட வராண்டா ஜன்னல் கிட்ட தனியா மாட்டிட்டாங்களாம். ஆனா பசங்க எல்லாம் அங்க தான் நின்னாங்களாம், தொட்டு பாக்க.